தீவுக் கதைகள்ல வர்ற பூதமும் அழிஞ்சு போன விலங்கும்: ரெண்டுக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கான்னு சோதிக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு பக்கம் பழங்கதையில வர்ற பூதம், இன்னொரு பக்கம் மியூசியத்துல இருக்குற எலும்புக்கூடு, நடுவுல ஒரு அம்புக்குறி, கீழ "இதுதான் அது" அப்படின்னு ஒரு வரி. இந்த மாதிரி படம் நெட்ல சுத்திக்கிட்டே இருக்கு, ரெண்டும் ஒரே சாயல்ல இருக்குறதால பாத்தவுடனே நம்பத் தோணும். ஆனா சாயல் கடைசியா பாக்க வேண்டிய விஷயம். முதல்ல கேக்க வேண்டியது வேற: கதை சொன்னவங்களோட முன்னோர் அந்த விலங்க உயிரோட பாத்திருக்க முடியுமா? முடியாதுன்னா, அதோட எலும்பையாவது பாத்திருப்பாங்களா? இந்த ரெண்டுக்கும் பதில் கிடைக்காம மேல போகவே கூடாதுங்கிறது என்னோட அழுத்தமான கருத்து.

இதுக்கு தீவுகள்தான் சரியான இடம். தீவுல மாட்டிக்கிட்ட பெரிய விலங்குகள் தலைமுறை தலைமுறையா சின்னதாகும், சின்னது சிலது பெருசாகும், அதனாலதான் ஒரு மீட்டர் உயர யானையும் மூணு மீட்டர் உயரப் பறவையும் தீவுகள்ல இருந்திருக்கு. அதோட மனுஷங்க எப்ப வந்து இறங்கினாங்கன்னும் பெரும்பாலும் ஓரளவுக்கு கணிச்சிடலாம், கண்டத்துல அப்படி சுலபமா சொல்ல முடியாது.

படி 1: கதையோட ரொம்பப் பழைய பதிவத் தேடுங்க

இப்ப நெட்ல இருக்குற வடிவம் எதுக்கும் உதவாது. யாரு, எந்த வருஷம், எந்த ஊர்ல, யார்கிட்ட கேட்டு எழுதினாங்கன்னு பின்னாடி போய்க்கிட்டே இருக்கணும்.

மடகாஸ்கர எடுத்துக்குவோம். அங்க 1648-லேர்ந்து 1655 வரைக்கும் பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கு கவர்னரா இருந்தவர் எத்தியென் த ஃப்ளாகூர். 1658-ல வந்த அவரோட நூல்ல "வூரோன் பாத்ரா"ன்னு ஒரு பெரிய பறவை பத்தி ஒரு குறிப்பு இருக்கு, தெற்குப் பக்கம் ஆம்பாத்ர் பகுதியில இருக்கும், நெருப்புக்கோழி மாதிரி முட்டை போடும், ஆளுங்க கையில சிக்காம இருக்க ஆள் நடமாட்டமே இல்லாத இடமாப் பாத்துப் போயிடும் அப்படின்னு. இதுல பூதம் எதுவும் இல்ல, மந்திரம் இல்ல, ஒரு பறவையோட பழக்கம் மட்டும்தான் இருக்கு. இது எபியோர்னிஸ்னு சொல்ற, இப்ப அழிஞ்சு போன யானைப் பறவையா இருக்கலாம்னு சொல்றாங்க, அதோட முட்டை ஒண்ணுல சுமார் எட்டு லிட்டர் தண்ணி பிடிக்கும். ஐரோப்பிய விஞ்ஞானிங்க அந்தப் பறவைக்குப் பேர் வச்சது 1851-ல. அதாவது விஞ்ஞானம் கண்டுபிடிக்கிறதுக்கு கிட்டத்தட்ட இருநூறு வருஷம் முன்னாடியே பதிவு இருக்கு, அதனால விஞ்ஞானிங்க சொன்னதக் கேட்டுட்டு யாரோ கட்டிவிட்டதுன்னு சொல்லவே முடியாது. பழைய பதிவோட மதிப்பு இதுதான்.

எப்பவும் ரெண்டு தேதியப் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சுக்கோங்க: கதை முதல்ல எழுத்துல வந்த வருஷம், எலும்பு முதல்ல கண்டுபிடிச்ச வருஷம். கதை பின்னாடி வந்துச்சுன்னா கூடுதல் சந்தேகத்தோட படிக்கணும்.

படி 2: கதைய துண்டு துண்டாப் பிரிங்க

ஒரு கதைக்குள்ள பல சரக்கு கலந்து கிடக்கும். உருவம், சத்தம், இருப்பிடம், பழக்கம், ஆளப் பாத்தா என்ன செய்யும், இதெல்லாம் ஒரு பக்கம். சாபம், வரம், மனுஷக் குரல்ல பேசுறது, இதெல்லாம் இன்னொரு பக்கம். என்னைக் கேட்டா பழக்கத்துக்கும் சத்தத்துக்கும்தான் அதிக எடை குடுக்கணும், அளவுக்கு ரொம்பக் குறைவு, ஏன்னா சொல்லச் சொல்ல முதல்ல வளர்றது அளவுதான்.

ஃப்ளாகூரே இன்னொரு விலங்கையும் எழுதியிருக்கார், பேரு "த்ரெத்ரெத்ரெத்ரெ". ரெண்டு வயசுக் கன்னுக்குட்டி அளவு, உருண்டைத் தலை, மனுஷ முகம், முன்னங்கால் பின்னங்கால் ரெண்டும் குரங்கு மாதிரி, சுருட்டை முடி, குட்டை வால், மனுஷக் காது, தனியாவே திரியும், ஊர்க்காரங்க அதப் பாத்தா ஓடுவாங்க, அதுவும் அவங்களப் பாத்தா ஓடும். இந்தக் கடைசி வரிய கவனிங்க. பயமுறுத்துறதுக்குன்னே கட்டின கதையில பூதம் பயந்து ஓடாது. எனக்கு இது யாரோ கண்ணால பாத்துச் சொன்ன மாதிரிதான் படுது.

இதுக்குப் பொருத்தமா ரெண்டு அழிஞ்சு போன ராட்சச லெமூர்களச் சொல்றாங்க (லெமூர்ங்கிறது மடகாஸ்கர்ல வாழ்ற, குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான விலங்கு). மெகலாடாபிஸ்ங்கிறது பெரிய விலங்குதான், ஆனா அதோட மண்டையோடு ரொம்ப நீளம், முகம் முன்னாடி நீண்டு இருக்கும், உருண்டைத் தலை மனுஷ முகம்னு அத யாரும் சொல்ல மாட்டாங்க. இன்னொண்ணு பேலியோப்ரோபிதெகஸ், மரத்துல தலைகீழாத் தொங்கி வாழ்ந்த லெமூர், இதோட முகம் குட்டை, வாலும் குட்டை. அதனால ரெண்டாவதுதான் நல்லாப் பொருந்துது, இன்னும் சில இடங்கள்ல மொதல் பேரையே திருப்பித் திருப்பி எழுதுறாங்க. துண்டு துண்டாப் பிரிச்சுப் பாத்தா இந்த மாதிரி தப்பு உடனே தெரிஞ்சிடும்.

படி 3: விலங்கு எப்ப அழிஞ்சுது, அந்தத் தேதி எதுலேர்ந்து வந்துச்சு

இந்தப் படியிலதான் பாதிக்கு மேல கதைகள் விழும், அதனால கொஞ்சம் நிதானமாப் போகலாம்.

கார்பன் டேட்டிங்னா எலும்பு, கரி மாதிரி உயிரிலேர்ந்து வந்த பொருள்ல இருக்குற கார்பன்-14 எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு அளக்குறது. சுமார் 5,730 வருஷத்துல அது பாதியாகும், ஏறக்குறைய 50,000 வருஷத்தத் தாண்டினா அளக்குற அளவுக்கு மிச்சம் இருக்காது. இதுல நீங்க கேக்க வேண்டிய ஒரே கேள்வி: எலும்பையே அளந்தாங்களா, இல்ல பக்கத்துல கிடந்த கரியையா மண்ணையா?

இது ஏன் முக்கியம்னு ஃப்ளோரஸ் தீவு காட்டும். இந்தோனேசியாவுல ஃப்ளோரஸோட நடுப்பகுதியில நாகே மக்கள் சொல்ற "எபு கோகோ" கதையில வர்றது உடம்பெல்லாம் முடியோட குள்ளமான ஒரு கூட்டம், கிடைச்சதையெல்லாம் தின்னும், சொன்னதத் திருப்பிச் சொல்லும், தோட்டத்துல புகுந்து திருடும். கிரிகரி ஃபோர்த்னு ஒரு மானுடவியலாளர் இத வருஷக்கணக்கா பதிவு பண்ணியிருக்கார். 2003-ல அதே தீவோட மேற்குல லியாங் புவா குகையில ஒரு மீட்டர் சொச்சம் உயரமே இருந்த ஒரு மனித இனத்தோட எலும்பு கிடைச்சது, 2004-ல ஹோமோ ஃப்ளோரேசியென்சிஸ்னு பேர் வச்சு அறிவிச்சாங்க, மூளை அளவு சுமார் 400 கன சென்டிமீட்டர்தான். அப்ப சொன்ன வயசு வெறும் 18,000 வருஷம். உலகமே "ஆஹா, எபு கோகோ இதுதான்"னு கொண்டாடுச்சு.

அப்புறம் குகையில இன்னும் பல இடங்கள்ல தோண்டிப் பாத்தப்பதான் விஷயம் புரிஞ்சது, எலும்பு கிடந்த பழைய மண்ணடுக்கு ஒரு காலத்துல அரிச்சுப் போய் சரிவா நின்னிருக்கு, அதுக்கு மேலயும் பக்கத்துலயும் ரொம்பப் பின்னாடி வந்த மண்ணு படிஞ்சிருக்கு, முதல்ல தேதி எடுத்த கரி அந்தப் புது மண்ணுல இருந்தது. 2016-ல வயசத் திருத்தினாங்க: எலும்புகள் சுமார் ஒரு லட்சத்துலேர்ந்து 60,000 வருஷம், கல் கருவிகள் சுமார் 50,000 வருஷம் வரைக்கும். நாகே மக்கள் சொல்றதோ சில நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததா. பதினெட்டாயிரமே கஷ்டம், ஐம்பதாயிரம் வருஷம் ஒரு கதை வாய்வழியா உருவம் மாறாம வந்துச்சுன்னு சொல்ல நான் தயாரா இல்ல. அதுக்காக நாகே மக்கள் சொல்றது பொய்னும் அர்த்தம் கிடையாது, அந்த எலும்போட முடிச்சுப் போடுறதுக்குத்தான் ஆதாரம் போதல.

படி 4: கதை சொல்றவங்க அந்தத் தீவுக்கு எப்ப வந்தாங்க

எல்லாரும் விட்டுடுற படி இது. விலங்கும் இருந்தது, மனுஷனும் இருந்தான், ஆனா இப்ப கதை சொல்றவங்க அந்த மனுஷங்களோட வாரிசா?

பஹாமாஸ்ல ஆண்ட்ரோஸ் தீவுல "சிக்சார்னி"ன்னு பறவை மாதிரி ஒரு பூதத்தச் சொல்வாங்க. செவப்புக் கண்ணு, மூணு விரல், ரெண்டு பைன் மரத்தோட உச்சியச் சேத்துக் கட்டிக் கூடு வைக்கும், மதிச்சா நல்லது செய்யும், சீண்டினா கஷ்டம் வரும். பின்னாடி பிரிட்டன் பிரதமரான நெவில் சேம்பர்லைன் 1890-கள்ல அங்க சிசல் கத்தாழைத் தோட்டம் போட்டு நஷ்டமானதுக்குக்கூட சிக்சார்னி மரத்த வெட்டினதுதான் காரணம்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. நெட்ல இதுக்கு "டைட்டோ பொலென்ஸ்"ங்கிற அழிஞ்சு போன பெரிய கூகைதான் மூலம்னு அடிச்சுச் சொல்றாங்க. அப்படி ஒரு கூகை நிஜமாவே இருந்தது, 1937-ல அதுக்குப் பேர் வச்சாங்க, சாதாரண கூகையவிட நல்லாப் பெருசு.

ஆனா பஹாமாஸோட பூர்வகுடி லுகாயன் மக்கள். கொலம்பஸ் 1492-ல வந்து இறங்கினதுக்கு அப்புறம் ஏறக்குறைய முப்பதே வருஷத்துல ஸ்பானியர்கள் அவங்கள அடிமையாப் பிடிச்சுட்டுப் போய் தீவுகளையே காலி பண்ணிட்டாங்க. இன்னைக்கு இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்களோட முன்னோர் 1600-களுக்கு அப்புறமும், முக்கியமா 1780-கள்லயும் அடிமைகளாக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். 1820-கள்ல ஃப்ளோரிடாவுலேர்ந்து தப்பிச்சு ஆண்ட்ரோஸுக்கு வந்த கறுப்பு செமினோல்களும் (செமினோல்ங்கிற அமெரிக்கப் பூர்வகுடியோட சேந்து வாழ்ந்த ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள்) உண்டு. நடுவுல சங்கிலி அறுந்து போச்சு. இந்த மக்கள் அந்தப் பெரிய கூகைய உயிரோட பாத்தாங்கன்னு காட்டினாதான் அந்தக் கதை நிக்கும், அத யாரும் காட்டல.

இதுக்கு நேர் எதிரா நியூசிலாந்து. அங்கத்த பூர்வகுடியான மாவோரி மக்கள் அங்க வந்தது சுமார் 1250-லேர்ந்து 1300-க்குள்ள. அங்க இருந்த ஹாஸ்ட் கழுகுங்கிற ராட்சசக் கழுகு அழிஞ்சது சுமார் 1400. ஆக ரெண்டும் நூறு வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்திருக்கு, அதே மக்கள் அதே மண்ணுல இன்னைக்கும் இருக்காங்க, கழுகு அழிஞ்சு ஆறு நூறு வருஷம்தான் ஆகுது. அவங்க சொல்ற "போவாக்காய்", "ஹோகியோய்"ங்கிற ராட்சசப் பறவைக் கதைகள் 1800-கள்ல எழுத்துல வந்துச்சு. ஒரு கதையில போவாக்காய் மலையிலேர்ந்து இறங்கி ஆளுங்களத் தூக்கிட்டுப் போகுது, ஒரு வீரன் வலை மாதிரி ஒரு கூண்டு கட்டி, அதுக்குள்ள ஆளுங்கள ஈட்டியோட ஒளிச்சு வச்சு, தான் முன்னாடி போய் அத இழுத்துட்டு வந்து கொல்றான்.

இந்தப் பறவைக்கு அது முடியுமா? எடை பத்துலேர்ந்து பதினஞ்சு கிலோ, இன்னைக்கு இருக்குற எந்தக் கழுகும் அந்த எடைய எட்டாது. மோவாங்கிற பறக்காத பறவையோட இடுப்பெலும்புல இந்தக் கழுகோட நகம் குத்தின ஓட்டை அப்படியே இருக்கு, அதுவும் பக்கவாட்டுலேர்ந்து வந்து மோதின மாதிரி. மோவா பெருசு இருநூறு கிலோவுக்கு மேலயும் வரும். அந்த எலும்பையே துளைச்ச பறவைக்கு ஒரு சின்னப் பிள்ளைய அடிச்சுக் கொல்றது முடியாத காரியமில்ல, ஆனா வளர்ந்த ஆளத் தூக்கிட்டுப் பறக்குறது நடக்காது. எது உண்மையா இருக்கலாம் எது கதை வளர்த்ததுன்னு இவ்வளவு தெளிவாப் பிரிச்சுக் காட்டுற இன்னொரு உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. மாவோரி வழக்குல "மோவா மாதிரி அழிஞ்சு போச்சு"ன்னு சொலவடை கூட உண்டு, ஒரு விலங்கோட முடிவையே மொழி ஞாபகம் வச்சிருக்கு.

படி 5: உயிரோடவா, எலும்பாவா

காலம் ஒத்து வரலைன்னா உடனே தூக்கிப் போடாதீங்க, எலும்பு வழியாவும் கதை பிறக்கும்.

கிரேக்கத்துல சாமோஸ் தீவுல "நேயதெஸ்"னு ஒரு பிரம்மாண்ட மிருகம் இருந்ததாகவும் அது கத்தினா பூமியே பொளக்கும்னும் பழைய எழுத்துகள் சொல்லுது, அதோட எலும்பக் காட்டுவாங்கன்னும் எழுதியிருக்கு. சாமோஸ் மண்ணுல நிஜமாவே ஏழு எட்டு மில்லியன் வருஷப் பழைய விலங்கு எலும்புகள் ஏராளம். நிலநடுக்கம் வர்ற தீவு, பிளந்த மண்ணு, அதுக்குள்ள ராட்சச எலும்பு, இதையெல்லாம் சேத்து அவங்க ஒரு விளக்கம் கண்டுபிடிச்சிருக்காங்க. அதுல எனக்கு அவங்க மேல மரியாதைதான் கூடுது.

சைப்ரஸ்ல இன்னும் நேரடியான சாட்சி. வட கடற்கரையில கெரினியா பக்கம் பாறையில கிடந்த எலும்புகள புனித ஃபனூரியோஸோடதுன்னு நம்பி, பொடி பண்ணி மருந்தாச் சாப்பிட்டிருக்காங்க. அது உண்மையில குள்ள நீர்யானையோட எலும்பு. 1901-ல டோரத்தியா பேட்ங்கிற இளம் ஆய்வாளர் சைப்ரஸ் போய்த் தோண்ட ஆரம்பிச்சு இந்த நீர்யானையோட எலும்புகள ஆராய்ஞ்சு எழுதினாங்க. எலும்பு எது, நம்பிக்கை எது, இடம் எதுன்னு மூணும் பதிவுல இருக்கு.

கிரேக்கக் கதையில வர்ற ஒத்தக்கண் ராட்சசன் சைக்ளோப்ஸுக்கு அப்படி இல்ல. சிசிலியில கிடைக்குற குள்ள யானை மண்டையோட்டுல நடுவுல தும்பிக்கைக்கான பெரிய ஓட்டை இருக்கும், பாக்க ஒத்தக்கண் குழி மாதிரியே இருக்கும், இதான் மூலம்னு 1914-ல ஒத்தேனியோ ஆபெல்ங்கிற தொல்லுயிர் ஆய்வாளர் சொன்னார். அழகான யோசனைதான். ஆனா அந்த மண்டையோட்டப் பாத்துட்டு சைக்ளோப்ஸ்னு சொன்னதா எந்தப் பழைய கிரேக்க எழுத்தும் இல்ல. பழைய கிரேக்கத் தத்துவஞானி எம்பெடோக்ளீஸ் சொன்னதா எல்லாரும் எழுதுறாங்க, அவரோட கிடைச்ச வரிகள்ல அது கிடையாது. 14-ஆம் நூற்றாண்டுல இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோதான் சிசிலியோட த்ரபானி குகையில கிடைச்ச ராட்சசன் எலும்பப் பத்தி எழுதி சைக்ளோப்ஸ் பாலிஃபீமஸோட சேக்குறார், அதுக்குள்ள கதைக்கு ரெண்டாயிரம் வயசாயிடுச்சு. இத "நடந்திருக்கலாம், சாட்சி இல்ல"ங்கிற வரிசையில வைங்க.

படி 6: கதையே வெளியூர்லேர்ந்து வந்ததா

இலங்கையில வேடர்கள்ங்கிற பூர்வகுடி மக்கள் சொன்னதா "நிட்டாவோ"ன்னு ஒரு கூட்டத்தப் பத்தி 1886-ல ஹியூ நெவில் பதிவு பண்ணார். குள்ளம், முடி, நீண்ட நகம், கடைசியில வேடர்கள் அவங்கள ஒரு குகைக்குள்ள விரட்டி, வாசல்ல சுள்ளியக் குவிச்சு மூணு நாள் தீ எரிச்சு முடிச்சுட்டாங்களாம். இப்ப எபு கோகோ எப்படி முடியுதுன்னு பாருங்க: ஊர்க்காரங்க பனைநாரக் குடுக்குறாங்க, அவங்க குகைக்குள்ள கொண்டு போறாங்க, தீய வச்சுடுறாங்க. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்குற ரெண்டு தீவுல ஒரே முடிவு. இது மாதிரி ஒத்துமை தெரிஞ்சா அந்தப் பகுதிய சாட்சியா எடுக்காதீங்க, ஊர் ஊரா நடக்குற கதைக் கூறா இருக்க வாய்ப்பு அதிகம்.

அரபுக் கதைகள்ல வர்ற ராட்சச ருக் பறவையும் இப்படித்தான். யானையத் தூக்குற பறவைன்னு மார்க்கோ போலோ மடகாஸ்கரோட சேத்துச் சொன்னார், அவர் அங்க போனதே இல்ல. யானைப் பறவைக்குப் பறக்கத் தெரியாது, மடகாஸ்கர்ல யானையும் கிடையாது. அந்தப் பெரிய முட்டை கப்பல் ஏறிப் போய் ஏற்கனவே இருந்த ருக் கதையோட ஒட்டிக்கிட்டிருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

படி 7: உயிரோட இருக்குறவங்கள மறந்துடாதீங்க

சிக்சார்னிக்கு இன்னைக்கும் பஹாமாஸ்ல பறக்குற சாதாரண கூகையே போதும், ராத்திரி வெள்ளை முகத்தோட அலறினா யாருக்கும் தூக்கிவாரிப் போடும். நிட்டாவோவுக்குக் கரடியச் சொல்றவங்க இருக்காங்க, இலங்கையில குள்ள மனித இனத்தோட எலும்பு எதுவும் கிடைச்சதில்ல.

இன்னொரு சாத்தியம் மனசக் கனக்க வைக்கும்: பூதம்னு சொல்றது வேற ஒரு மனுஷக் கூட்டமாவே இருக்கலாம். தைவான்ல சைசியாத்ங்கிற பூர்வகுடி மக்கள் தங்களுக்குப் பாட்டும் விவசாயமும் கத்துக்குடுத்த குள்ள மனுஷங்கள ஒரு சண்டையில கொன்னுட்டதா சொல்லி, அவங்க ஆவியச் சாந்தப்படுத்த ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாஸ்தாஆய் சடங்கு நடத்துறாங்க. கிழக்கு தைவான்ல சியாவ்மா குகையில கிடைச்ச ஒரு பெண்ணோட எலும்பு சுமார் 6,000 வருஷப் பழசு, உயரம் 140 சென்டிமீட்டருக்குள்ளதான், மண்டையோடு பிலிப்பைன்ஸ்ல இருக்குற நெக்ரிட்டோங்கிற குட்டையான பூர்வகுடி மக்களோட ஒத்துப் போகுதுன்னு 2022-ல வெளியிட்டாங்க. குள்ளம், முடி, திருட்டுன்னு வர்ற எந்தக் கதையையும் விலங்குப் பட்டியல்ல சேக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க, ஒருத்தர ஒழிச்சுக் கட்டினவங்க சொல்ற கதையில செத்தவங்க மிருகமாத்தான் தெரிவாங்க.

படி 8: சொல்றவங்க உயிரோட இருந்தா கேக்குற முறை

1995-ல டேவிட் பர்னி, ரமிலிசோனினான்னு ரெண்டு ஆய்வாளர்கள் மடகாஸ்கர் மேற்குக் கரையில பெலோ-சுர்-மேர்ங்கிற மீனவ ஊர்ல பெரியவங்கள உக்கார வச்சுக் கேட்டாங்க. "கிலோபிலோபிட்சோஃபி"ன்னு ஒண்ணு சொன்னாங்க: மாடு அளவு, கொம்பு இல்ல, கறுப்பு நிறம், உறுமும், தொந்தரவு பண்ணா தண்ணிக்குள்ள போயிடும். ஒருத்தர் அதோட சத்தத்தையே செஞ்சு காட்டினார், அது நீர்யானை சத்தத்தோட ஒத்துப் போச்சு, மடகாஸ்கர்ல இன்னைக்கு நீர்யானையே கிடையாது, அங்க இருந்த குள்ள நீர்யானை அழிஞ்சு சுமார் ஆயிரம் வருஷம் ஆகுதுன்னு கணக்கு.

இப்படிக் கேக்கப் போறவங்க முதல்லயே படத்தக் காட்டிடக் கூடாது, காட்டினா அதுக்கப்புறம் வர்ற பதில் எல்லாம் அந்தப் படத்தோட பதில். முழுசாச் சொல்ல விடுங்க, சத்தத்தச் செய்யச் சொல்லுங்க, எங்க எந்தப் பருவத்துல பாப்பாங்கன்னு கேளுங்க, கடைசியா பல விலங்குப் படத்தக் கலந்து வைங்க, அதுல அந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாதது சிலதும் இருக்கட்டும். தாங்களே பாத்தாங்களா, அப்பா பாத்தாரா, தாத்தாகிட்ட கேட்டாரான்னு தனித்தனியா எழுதுங்க. அவங்க பேர வெளியிடலாமான்னு அனுமதி கேளுங்க.

படி 9: தீர்ப்பு எழுதுறது

"ஆமா, இல்ல"ன்னு ரெண்டே கட்டம் போதாது. நாலு கட்டம் வச்சுக்கோங்க: உயிரோட பாத்த ஞாபகம், எலும்பப் பாத்து வந்தது, இருக்கலாம் ஆனா சாட்சி இல்ல, காலமே ஒத்து வரல. பக்கத்துலயே எந்தத் தேதிய நம்பி அந்த முடிவுக்கு வந்தீங்க, அந்தத் தேதி எந்த வருஷம் வெளியானதுன்னு எழுதிடுங்க, புதுத் தேதி வந்தா எந்த முடிவ மாத்தணும்னு உடனே தெரியும்.

முதல் பயிற்சிக்கு மடகாஸ்கர எடுங்க. எழுத்துப் பதிவு 1658-லேர்ந்து இருக்கு, எலும்புகளுக்கு நேரடியா எடுத்த கார்பன் தேதி நிறைய இருக்கு, கதை சொல்ற மக்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேல அங்கயே இருக்காங்க. த்ரெத்ரெத்ரெத்ரெ பத்தின அந்த ஒரு பத்திய வச்சே ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் எல்லாப் படியும் போட்டுப் பாத்துடலாம்.